மைனர் காரின் அடியில் ஒரு துளி

மொரிஸ் மைனர் நிற்கிற வீட்டு முற்றத்தில் ஒரு கறுத்த வட்டம் இருக்கும். சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தாலும் சீமெந்துத் தரையை விட்டு அது போகாது. "பழைய கார் என்றால் ஒழுகத்தானே செய்யும்" என்று வீட்டு ஆண்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சகோதரிகளே, அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. முற்றம் கூட்டும்போது புதிய கறையை முதலில் காண்கிறவர் அனேகமாக நீங்கள்தான். அது எந்தத் துளி என்று பிரித்தறிய மோட்டார் படிப்பு எதுவும் தேவையில்லை.

1948ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மோட்டார் கண்காட்சியில் வெளிவந்த கார் இது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 வரை 16 இலட்சத்துக்கும் அதிகமானவை செய்யப்பட்டன. இங்கிலாந்தில் உற்பத்தி நின்று பல்லாண்டுகளான பின்னும் நமது நாட்டில் இவை ஓடுகின்றன. 1990களில் இங்கிலாந்து மைனர்களுக்கே இங்கிருந்து உதிரிப்பாகங்கள் செய்து அனுப்பினார்கள் என்றால் பாருங்களேன்!

இரவில் கார் நின்றதும் அதன் அடியில் ஒரு பெரிய காட்போட் மட்டையை விரித்து, நான்கு சக்கரங்களும் நிற்குமிடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். காலையில் துளி எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம், என்ன மணம் என்று பாருங்கள்.

கறுப்பாக, வழவழப்பாக, எஞ்சினும் கியர்பெட்டியும் சேருமிடத்துக்கு நேர்கீழே விழுந்திருந்தால் அது எஞ்சின் எண்ணெய். மைனரின் எஞ்சினில் பின்பக்கம், இன்றைய கார்களில் இருப்பது போன்ற றப்பர் சீல் கிடையாது. சுழலும் தண்டில் திருகாணி போல் வெட்டிய ஒரு தவாளிப்புத்தான் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. எஞ்சின் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். முன்பக்கம் உயர்ந்த சரிவில் நிறுத்தினால் இன்னும் கூடுதலாகச் சொட்டும். ஆகவே இரவுக்கு ஓரிரு துளி என்றால் கவலை வேண்டாம். வாரம் ஒருமுறை அளவுகோலை இழுத்து எண்ணெய் மட்டம் பார்த்தால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றினாலும் ஒழுக்குக் கூடும்.

திடீரென்று பல இடங்களிலும் ஒழுகினால் அது வேறு கதை. எஞ்சினுக்கும் மூச்சு விட ஒரு குழாய் உண்டு. அதில் அழுக்கு அடைத்தால் உள்ளே அமுக்கம் ஏறி, கிடைத்த இடுக்கு வழியெல்லாம் எண்ணெயை வெளியே தள்ளும். இதைப் பாராமல் பெக்கிங் ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைத்த வீடுகள் அனேகம். முதலில் அந்தக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால், ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, சில மைல் ஓட்டிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களில் மேலேயும் முன்னேயும் உள்ளதே ஊற்றுக்கண். எண்ணெய் சொட்டுகிற இடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம்.

புதிய கார்களின் அடியில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் அது பெரும்பாலும் ஏசி தண்ணீர். மைனர் ஏசியோடு வந்த காரல்ல. அதன் முன்பக்கம் தண்ணீர் சொட்டினால் ரேடியேட்டர், றப்பர் குழாய், தண்ணீர்ப் பம்பு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் துருக்கறை வடிந்திருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது.

பெற்றோல் கறையாக நிற்காது, மணமாகத்தான் வரும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் பெற்றோல் பம்பு சில விநாடி 'டிக், டிக்' என்று அடித்து ஓய வேண்டும். தாங்கியில் பெற்றோல் இருந்தும் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு இருக்கக்கூடும். சாவியை உடனே அணையுங்கள். பக்கத்தில் அடுப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம்.

இவை எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது பிரேக் எண்ணெய். சாரதியின் காலடிக்கு நேர்கீழே, அல்லது ஒரு சக்கரத்தின் உட்பக்கத்தில், இளமஞ்சளாகவோ பழுப்பாகவோ ஈரம் தெரியும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: எஞ்சின் எண்ணெயென்றால் தண்ணீர் முத்தாக விலகி நிற்கும், பிரேக் எண்ணெயென்றால் கலந்துவிடும். பெயின்டையும் அது உரித்துவிடும். தொட்ட கையைக் கழுவிவிடுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

மைனரில் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே குழாய் வழியில் இணைந்தவை. ஒரு சக்கரத்தில் கசிந்து எண்ணெய் தீர்ந்தால் நான்கும் போய்விடும். கைப்பிரேக் மட்டுமே மிஞ்சும். ஆகவே "கராஜ் வரை மெதுவாக ஓட்டிப் போகிறேன்" என்று யாராவது புறப்பட்டால் விடாதீர்கள். பாஸை வீட்டுக்கே அழையுங்கள். சக்கரத்துச் சிலிண்டர் கசிந்திருந்தால், எண்ணெயில் ஊறிய பிரேக் லைனிங்கைக் கழுவிப் போடவும் சம்மதிக்க வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு மட்டும் புதிதாகப் போட்டால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். எதிர்ச் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.