சிவனொளிபாத மலைக்கு வழி தெரிதல்

கி. பி. 1344ஆம் ஆண்டிலே, மாலைதீவினின்றும் மாபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, காற்று வேறு திசையிற் செலுத்தவே இலங்கையின் வடமேற்குக் கரையைச் சேர்ந்து புத்தளத்தில் இறங்கினார். அந்நாளில் அக்கரையில் ஆணை செலுத்தியவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. விருந்தினர்க்கு முத்துக்களைக் காட்டி உபசரித்த மன்னர், வேண்டுவது யாதென வினவியபோது, மலைமேலுள்ள பாதச்சுவட்டைக் காண்பதன்றி வேறு விருப்பம் தமக்கில்லை என்றார் அவர். மன்னர் உடன் அனுப்பியோர் யாவர் என்பது கருதற்பாலது. ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தார் பதின்மர், உணவுப்பொருள் சுமப்போர் பதினைவர். பல்லக்கும் அதனைத் தாங்குவோரும் வேறு. வழி அறிந்தோரும், உணவும், துணையும் ஒருங்கு சேர்ந்த பின்னரே அவர் புறப்பட்டார்.

புத்தளத்தினின்றும் தெற்கே சென்ற அவர் முதலில் தங்கிய ஊரை மனார் மந்தலி என்றும், அடுத்ததைப் பந்தர் சலாவாத் என்றும் குறிக்கின்றார். பின்னது சிலாபம் என்பர். முன்னதனை முந்தலைச் சார்ந்த பகுதியாகக் கொள்வாரும் உளர். அது பொருந்துமாயின், கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் இன்றைய உடப்பு, அப்பெரியார் சென்ற வழிக்கு மிக அண்மையிலேயே உள்ளதாகும்.

உடப்பு மக்கள் மணலில் நடந்து பழகியோர். அம்பா பாடிக் கரைவலை இழுப்போரின் கால் வலிமையைக் கண்டோர் ஐயுறார். அலை நனைத்து இறுகிய மணலில் நடப்பது எளிது. உலர்ந்த மணலில் நடப்பது இருமடங்கு உழைப்பு என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும் கரையில் வாழ்வோர் தூரத்தைக் கிடையாகவே அளந்து பழகியவர். ‘நாலு மைல்தானே’ என்னும் சொல் கடற்கரையில் மெய். மலையடியிலோ அது பெரும்பிழையாகிவிடும். மலைவழியை அளக்கும் கோல் வேறு.

சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீட்டர். உச்சிக்கு வழிகள் பல உள. அவற்றுள் இன்று பெருந்தொகையினர் செல்வது ஹற்றன், மஸ்கெலியா வாயிலாக நல்லதண்ணியை அடைந்து ஏறும் வழி. இது 5,000க்கு மேற்பட்ட படிகளையுடையது. நல்லதண்ணியே உயர்ந்த நிலத்தில் உள்ளதாதலின், ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டரேயாம். பருவகாலத்தில் விளக்கொளியும், தேநீர்க் கடைகளும், முன்னும் பின்னும் மனிதரும் உண்டு. இரத்தினபுரியிலிருந்து கிலிமலை, பலாபத்தலை வழியாக ஏறுவது பழைய வழி. கிலிமலைக் கிராமத்தை யாத்திரிகர் நலங்கருதி முதலாம் விஜயபாகு மன்னன் (1055–1110) அளித்தான் என்று சூளவம்சம் கூறும். குருவிற்றையிலிருந்து எரத்னை வழியாக ஏறுவது மற்றொன்று. இவ்விரண்டும் தாழ்ந்த நிலத்திலே தொடங்குவன. ஏறக்குறைய 1,800 மீட்டர் ஏறல்வேண்டும். நடையும் நல்லதண்ணி வழியினும் ஏறத்தாழ இருமடங்கு. இடையிடையே மனித வாடையற்ற காடு, வேர் பின்னிய கற்கள், நீரோடைகள். எரமிற்றிப்பானை என்னுமிடத்தில் இரண்டும் கூடி, மகாகிரிதம்பம் என்னும் செங்குத்தான ஏற்றமாக உச்சியை அடைகின்றன.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரும் வழிகளிடையே இவ்வேறுபாடு பேசப்பட்டது. இப்னு பதூதா இரு வழிகளைச் சொல்கின்றார்: ஒன்று பாபா வழி, அஃதாவது ஆதத்தின் வழி, மற்றது மாமா வழி, அஃதாவது ஏவாளின் வழி. பின்னது எளிது; யாத்திரிகர் திரும்புவது அவ்வழியே. அதன் வாயிலாக ஏறினோரை யாத்திரை செய்தோராகவே அக்காலத்தார் கொள்ளவில்லையாம். பாபா வழி கரடுமுரடானது. அதன் இறுதியிற் பற்றி ஏறுதற்குப் பத்து இரும்புச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவதனை அடைந்தோர் கீழே நோக்கின், விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் தம் சமய உறுதிமொழியை ஓதுவர் என்றும், அதனால் அச்சங்கிலிக்கு அவ்வுறுதிமொழியே பெயராயிற்று என்றும் அவர் எழுதுகின்றார்.

கடினமான வழியே புண்ணியமான வழி என்னும் இக்கருத்து இன்றும் மறைந்ததன்று. ஆண்டுதோறும் ஆடி மாதத்திலே திரௌபதி அம்மன் சந்நிதியில் தீமிதிக்கும் ஊரவர்க்கு, வருத்தம் ஏற்று நேர்த்தி செலுத்துதல் புதிதன்று. ஆனால் தீமிதிப்போர் முன்னரே விரதமிருந்து, பெரியோர் கண்காணிப்பில், அளவறிந்த குழியிலே இறங்குகின்றனர். விரதமில்லாதோரைக் கைபிடித்து இழுத்து இறக்குவார் ஒருவருமில்லை. மலைக்குச் செல்லுங் கூட்டத்திலோ நிகழ்வது வேறு. ஒருவர் நேர்த்தி வைத்தமைக்காக, முழங்கால் நோவுள்ள மூதாட்டியும் எட்டு வயதுச் சிறுவனும் குருவிற்றை வழியில் நடத்தப்படுகின்றனர். தன் வருத்தத்தைத் தான் ஏற்பது தவம். பிறர் வருத்தத்தைத் தான் தெரிந்தெடுப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. கூட்டத்தில் மிக மெலிந்தவர் எவரோ, அவர் ஏறி இறங்கக்கூடிய வழியே அக்கூட்டத்தின் வழியாதல் வேண்டும். வலியோர் தனியே கடினவழி செல்ல விரும்பின், இருவர்க்குக் குறையாமற் சென்று, உச்சியில் ஏனையோருடன் கூடலாமே.

இனி, காலத்தைக் கணிக்கும் முறை. 1892ஆம் ஆண்டில் நெய்சிமித் என்னும் ஸ்கொத்லாந்து மலையேறி ஒரு விதியை வகுத்தார். 5 கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணி நேரம். அதன்மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். நல்லதண்ணி வழியை 6 கிலோமீற்றர் எனவும் ஏற்றத்தை 1,000 மீட்டர் எனவும் கொள்ளின், நடைக்கு 1 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 40 நிமிடம். ஆகமொத்தம் 3 மணிக்குச் சற்றுக் குறைவு. இது திடகாத்திரமானவர் இளைப்பாறாது நடக்குங் கணக்கு. முதியோரும் சிறுவரும் உள்ள கூட்டத்துக்கு இதனை இரட்டித்துக்கொள்வதே தகும். போயா நாளிலும் வார இறுதியிலும் படிகளிலே நெருக்கம் மிகுந்து ஓரடிக்கு ஒருமுறை நிற்க நேரும். அதனை எந்த விதியும் கணித்துத் தராது.

பிந்திச் சேர்வதில் உதயதரிசனம் தவறும். முந்திச் சேர்வதிலும் கேடுண்டு என்பதைப் பலர் எண்ணுவதில்லை. ஆயிரம் மீட்டர் உயர்வுக்கு வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையுமாதலின், உச்சியில் உள்ள குளிர் உடப்புக் கரையிலும் 14 பாகை மிகுந்தது. அக்குளிரில், ஏறும்போது வியர்த்து நனைந்த உடையுடன் காற்றில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரின் உடற்சூடு விரைந்து குறையும். நடுக்கம், தடுமாறிய பேச்சு, உறக்கம் என அது முற்றும். ஆதலின் நீர்புகாத பையில் உலர்ந்த சட்டை ஒன்றைக் கொண்டுசென்று, உச்சியை அடைந்தவுடன் மாற்றுதல் இன்றியமையாதது. இக்காலத்தில் மலைவழிகளிலே ஓடிப் பயில்வோருக்கு இவ்வெச்சரிக்கை பின்னும் மிகுதி. அவர் சுமப்பது சிறிது. ஓடும்வரை குளிர் தெரியாது. கணுக்கால் பிசகி ஓரிடத்தில் நின்றுவிட்டாலோ மெல்லிய உடை ஒன்றே மிஞ்சும்.

மார்கழிப் போயா முதல் வைகாசிப் போயா வரையிலுள்ள காலமே யாத்திரைப் பருவம். அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்றும் மழையும் தொடங்கும். விளக்கும் கடையும் இரா. உடப்புக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் அதே காற்றே மலையில் ஓடைகளைப் பெருகச் செய்வது. மேலே பெய்த மழையால் கீழே வானம் தெளிந்திருக்கும்போதே நீர் கலங்கி ஏறும். முழங்காலுக்கு மேற்பட்ட ஓட்டத்தில் இறங்கலாகாது. மலையோடை ஏறியவாறே விரைந்து வடியவும் செய்யும். காத்திருப்பதால் இழப்பது சில மணி நேரமே.

காட்டுவழியின் மற்றொரு தொல்லை அட்டை. இதற்கு அக்காலத்தார் கையாண்ட பரிகாரம் ஒன்றை இப்னு பதூதா குறிக்கின்றார். யாத்திரிகர் எலுமிச்சை வைத்திருந்து அதன்மேற் பிழிவர், அட்டை விழுந்துவிடும், கடித்த இடத்தை மரக்கத்தியாற் சுரண்டுவர் என்கின்றார். சுரண்டுவதை இன்று விட்டுவிடலாம். கழுவித் துணியால் அழுத்தின் போதும்.

வழி தவறினோர் ஓடையைப் பின்பற்றி இறங்கினால் ஊர் வரும் என நம்புவது வழக்கம். தட்டையான நிலத்தில் அது பெரும்பாலும் உண்மையே. இம்மலையில் ஓடை அருவியாய் விழும் பாறை விளிம்பிலே கொண்டுபோய் விட்டுவிடும். உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்புதல் வேண்டும். அது கூடாவிடின் அசையாது நின்று, ஊதுகுழலால் நிமிடத்துக்கு ஆறுமுறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் ஊதல் வேண்டும். இது மலையேறிகளிடையே உலகெங்கும் வழங்கும் அபாயக்குறி. மறுமொழி நிமிடத்துக்கு மூன்று ஒலி. கைப்பேசி பள்ளத்தாக்குகளிற் பயன்படாதொழியலாம். வழிப்படத்தை முன்னரே அதில் இறக்கி வைத்தலும், மின்சூள் ஒன்றைத் தனியே கொண்டுசெல்லலும் நன்று.

உதயங் கண்டபின் எஞ்சுவது இறக்கம். யாத்திரை முடிந்தது என எண்ணுங் கணத்திலேயே கால் வழுக்குகின்றது. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகின்றது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடலைத் தடுத்துப் பிடிக்கின்றது. தசைநார் பெரிதும் நோவது இப்பின்னைய தொழிலாலேயே. உறக்கமற்ற இரவின் முடிவில், பனியால் நனைந்த படிகளிலே அது நிகழ்கின்றது. சிற்றடி வைத்து, கோலூன்றி, கைப்பிடியுள்ள பக்கமாக இறங்குவோர் மறுநாளும் நடப்பர்.

இப்னு பதூதா மலையுச்சிக்கு அண்மையிலுள்ள கிழிர் குகையில் மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் பாதத்தை வழிபட்டபின், மாமா வழியே இறங்கினார். ஏறிய வழியாலேயே இறங்குவது வீரமென அவர்க்குத் தோன்றவில்லை போலும். அங்கிருந்து தேவந்துறை, காலி, கொழும்பு ஆகியவற்றைக் கண்டு, கொழும்பிலிருந்து மூன்று நாளில் மீண்டும் புத்தளத்தை அடைந்தார். அவர் வந்த கப்பலின் தலைவன் அங்கே அவருக்காகக் காத்திருந்தான்.