கர்ப்பிணியின் எடையும் தேசத்தின் பலமும்

தேசத்தின் பலத்தை அறியப் பொக்கிஷத்தையும் பட்டாளத்தையும் கணக்கிடுவோர் பலர். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் மாதந்தோறும் ஏறி நிற்கும் எடை இயந்திரத்தை நோக்குவோர் சிலரே. அது கூறும் சாட்சியத்தைப் புறக்கணித்துவிட்டு ஜன சமூகத்தின் அபிவிருத்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்வது வீண்.

மேலூர், வாடிப்பட்டி வயல்களில் நாற்று நடும் பெண்களையும், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் களை எடுக்கும் பெண்களையும் நாம் அறிவோம். அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பதே அவர்களிற் பலருடைய வழக்கம். கர்ப்ப காலத்திலும் இது மாறுவதில்லை. போதாக்குறைக்கு, நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்ற அச்சம் வேறு. வைத்திய உதவி எட்டாத காலத்தில் அன்பினால் பிறந்த அச்சம் அது. ஆயினும் அதன் பலன் கொடிது. தாய் அரை வயிறு உண்டால் சிசுவும் மெலிகிறது. 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் சிசு நோய்க்கும் மரணத்துக்கும் எளிதில் இலக்காகிறது.

எவ்வளவு எடை கூடவேண்டும்? 2009-ல் அமெரிக்க வைத்திய நிபுணர்கள் வகுத்த அளவின்படி, உயரத்துக்கேற்ற எடையுள்ள பெண்ணுக்கு 11.5 முதல் 16 கிலோ; மெலிந்தவளுக்கு 12.5 முதல் 18. பருத்தவளுக்கு 7 முதல் 11.5. நம் நாட்டில் பொதுவாகக் கூறும் கணக்கு 10 முதல் 12 கிலோ. ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவு என்பதில்லை. இரண்டு பேருக்காக உண்ணவேண்டும் என்பதும் சரியன்று. நமது ஆராய்ச்சியாளர் விதித்திருக்கும் அதிகப்படி உணவு நாளொன்றுக்கு 350 கலோரியே. நகரத்தில் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் உண்டு மிதமிஞ்சிப் பருப்பது நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வழி வகுக்கும். முகமும் கையும் வீங்கித் திடீரென எடை ஏறினால் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

உண்ணும் அளவு மட்டும் போதாது. உணவின் தரமும் வேண்டும். நம் சீமையைப் போன்றே உழவை நம்பிய புனே ஜில்லாவின் ஆறு கிராமங்களில் 1993 முதல் நடந்த ஆராய்ச்சி இதைக் காட்டிற்று. கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மாரின் சிசுக்கள் பெரியவையாகப் பிறந்தன. கடின வேலை செய்தோரின் சிசுக்கள் சிறுத்திருந்தன. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் வேர்க்கடலையும் முட்டையும் நமக்கு எட்டாத பொருள்களா? தலைச்சுமையைக் குறைப்பதும் உணவளிப்பதற்கு நிகரான கடமையே.

சட்டமும் துணை நிற்கிறது. 2013-ஆம் வருஷத்துத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடி மூலம் இலவச உணவையும், 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவித் தொகையையும் விதிக்கிறது. சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நம் மாகாணத்தில் 1987-ல் ஏற்பட்ட மகப்பேறு உதவித் திட்டமும் உண்டு. இவை தர்மமல்ல, பாத்தியதை. கேட்டுப் பெறுதல் வெட்கமன்று.

ஆனால் சட்டம் அடுப்பங்கரைக்குள் நுழையாது. வளைகாப்பன்று பலவகைச் சாதம் படைத்து மகிழ்கிறோம். ஒரு நாள் விருந்தினால் பல மாதத்துப் பசி தீருமா? மேடையில் சமத்துவம் பேசும் ஆண்மக்களே! உங்கள் வீட்டுக் கர்ப்பிணியின் எடை சென்ற மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாதெனில் இன்றே அறிந்துகொள்ளுங்கள். இன்றிரவு முதல் இலை அவளுக்கு விழட்டும். சீர்திருத்தம் அங்கே தொடங்கட்டும்.