உங்களுக்குத் தெரியுமா? கல்முனைக்கு வந்த முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி

இன்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் பட்டதாரிப் பிள்ளைகள் நிர்வாக சேவைப் பரீட்சை அறிவித்தலுக்காக வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தேடிப் பார்க்கிறார்கள். நுண்ணறிவு வினாத்தாளைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு செய்து பழகுகிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: ஏ. எம். ஏ. அஸீஸ்.

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதலாவது முஸ்லிம். அன்று அந்தச் சேவைக்கான பரீட்சை முழுவதும் ஆங்கிலத்தில்தான்.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நெல் விளைச்சலைப் பெருக்க கல்முனையில் அவசரக் கச்சேரி (அரசாங்க நிர்வாக அலுவலகம்) திறந்தார்கள். அதற்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் அஸீஸ். வயல் வேலையோடு அவர் நிற்கவில்லை. படிக்க வசதியில்லாத பிள்ளைகளின் நிலை அவர் மனதைத் தைத்தது. அதே ஆண்டு கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கினார். 1945இல் நாடு முழுவதற்குமான முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்ததற்கும் அவரே காரணகர்த்தா. பதவியில் இருந்தபடியே பின்னால் வருபவர்களுக்கு வழி வெட்டியதுதான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

சிவில் சேவை 1963 மே 1இல் நிர்வாக சேவையாக மாறியது. இன்று அதன் போட்டிப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் கவனம்: விண்ணப்பத்தில் குறித்த மொழிமூலத்தைப் பிறகு மாற்ற முடியாது. நியமனம் கிடைத்தபின் சிங்களத் தேர்ச்சியும் வேண்டும். அதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.