‘டு’ போடுவதா, ‘இங்’ போடுவதா? குழப்பம் தீரத் தமிழே கைகொடுக்கும்

பாட்டியை கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறாள் பேத்தி. காலையில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டதையே மறந்து, பாட்டி இன்னொரு மாத்திரையும் சாப்பிட்டுவிட்டார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பேத்தி பதற்றத்தில், “ஷீ ஃபர்காட் டு டேக் த மெடிசின்” என்கிறாள்.

டாக்டருக்கு என்ன புரியும்? பாட்டி மாத்திரையே சாப்பிடவில்லை என்றுதான் புரியும். நடந்ததோ நேர்மாறு. “ஃபர்காட் டேக்கிங்” என்றிருந்தால் ‘சாப்பிட்டதை மறந்துவிட்டார்’ என்ற பொருள் வந்திருக்கும். “ஷீ ஃபர்காட் தட் ஷீ ஹேட் டேக்கன் இட்” என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இது ஓர் உதாரணம்தான். ஆனால் எஸ்.பி.எம்., மூவெட் எழுதும் பிள்ளைகள் முதல் வேலைக்கு மனு செய்வோர் வரை பலரும் தடுமாறும் இடம் இதுவே. வினைச்சொல்லுக்கு முன் ‘டு’ சேர்த்தால் ‘இன்ஃபினிடிவ்’. பின்னால் ‘இங்’ சேர்த்துப் பெயர்ச்சொல் போல ஆக்கினால் ‘ஜெரண்ட்’.

தமிழில் ஏற்கெனவே உள்ளது

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘சாப்பிட’, ‘பூட்ட’, ‘பேச’ என்று வரும் வினையெச்சம் பெரும்பாலும் ‘டு’வுக்கு நிகர். ‘சாப்பிடுதல்’, ‘பூட்டுவது’, ‘பேசியது’ போன்ற தொழிற்பெயர் வடிவங்கள் ‘இங்’குக்கு நிகர்.

இந்தச் சொற்றொடர்களைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்:

• பூட்ட மறந்தேன் – ஃபர்காட் டு லாக்
• பூட்டியது நினைவிருக்கிறது – ரிமெம்பர் லாக்கிங்
• பேசுவதற்காக நின்றார் – ஸ்டாப்ட் டு டாக்
• பேசுவதை நிறுத்தினார் – ஸ்டாப்ட் டாக்கிங்
• உதவ மறுத்தார் – ரெஃப்யூஸ்ட் டு ஹெல்ப்
• வர ஒப்புக்கொண்டார் – அக்ரீட் டு கம்
• போவதைத் தவிர்த்தார் – அவாய்டட் கோயிங்
• பாடுவதை ரசிக்கிறார் – என்ஜாய்ஸ் சிங்கிங்

பொதுவாக, இனி நடக்க வேண்டியதைக் குறித்தால் ‘டு’ வரும். வான்ட், ஹோப், பிளான், டிசைட், பிராமிஸ் எல்லாம் இந்த வகை. நடந்து முடிந்ததையோ, வழக்கமாக நடப்பதையோ குறித்தால் ‘இங்’ வரும். ஸ்டார்ட், பிகின், கன்டினியூ போன்ற சொற்களுக்குப் பின் எது வந்தாலும் பொருள் பெரிதாக மாறாது.

தமிழ் ஏமாற்றும் இடங்கள்

எல்லா இடத்திலும் இந்த வழி செல்லாது. ‘ஆங்கிலம் பேசப் பழகுங்கள்’ என்கிறோம். அதை அப்படியே ‘பிராக்டிஸ் டு ஸ்பீக்’ என்று எழுதினால் தவறு. ‘பிராக்டிஸ் ஸ்பீக்கிங்’ என்பதே சரி. ‘போகலாம் என்று யோசனை சொன்னார்’ என்பது இனி நடக்கப் போவதுதான். ஆனாலும் ‘சஜஸ்டட் கோயிங்’ என்றே வரும். மைண்ட், கன்சிடர், ஃபினிஷ், கீப் ஆகிய நான்கும் ‘இங்’கையே கேட்கும். இவற்றைத் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாமல் ‘ஃபினிஷ் குக்கிங்’, ‘கீப் வாக்கிங்’ என்று ஜோடியாகப் பழகுவது நல்லது.

வேலை மனுவில் ஒரு பொறி

மனுக் கடிதத்தின் கடைசி வரியில் பலர் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதுகிறார்கள். ‘டு ஹியரிங்’ என்று இருக்க வேண்டும். ‘டு’ வந்த பிறகும் ஏன் ‘இங்’ என்று கேட்கலாம். இந்த ‘டு’ வினையோடு சேர்ந்ததல்ல; இன், அட், ஃபார் போன்ற முன்னிடைச்சொல். அவற்றுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ சேர்ந்தே வரும்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை உண்டு. ‘டு’வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ பொருந்துகிறது. ஆகவே இங்கே ‘இங்’ வேண்டும். ‘வான்ட் டு யுவர் ரிப்ளை’ பொருந்தவில்லை. ஆகவே அங்கே வினை அப்படியே வரும்.

நேர்காணலிலும் கவனம் தேவை. ‘ஐ யூஸ்ட் டு வர்க் நைட் ஷிஃப்ட்’ என்றால் ‘முன்பு இரவு வேலை செய்தேன், இப்போது இல்லை’ என்று பொருள். ‘ஐ ஆம் யூஸ்ட் டு வர்க்கிங் நைட் ஷிஃப்ட்’ என்றால் ‘இரவு வேலை எனக்குப் பழக்கமானது’ என்று பொருள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போன குடும்பத்துப் பிள்ளை தன் உழைப்பைப் பற்றிச் சொல்லும்போது, முதலாளி தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது அல்லவா?

வீட்டில் செய்யக்கூடியது

மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து, அன்று நடந்த நான்கு விஷயங்களைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘கொண்டுவர மறந்தேன்’, ‘படித்து முடித்தேன்’, ‘வாங்க விரும்புகிறேன்’ என்று அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் மாற்றச் செய்யுங்கள். பொருந்தாத சொல் வந்தால் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதில்லை. ‘மாத்திரை சாப்பிட மறந்தாரா, சாப்பிட்டதை மறந்தாரா’ என்று தமிழில் கேட்கத் தெரிந்தால் போதும். மற்றதைப் பிள்ளை யோசித்துக்கொள்ளும்.