அந்த நாலு பேர்

‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த நாலு பேர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் யாரும் நமக்குச் சொன்னதில்லை. மொபைல் லெஜண்ட்ஸ் ஆடும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. நாலு பேரின் பெயரும் திரையிலேயே இருக்கும். அவர்கள் சொல்வதை உடனுக்குடன் எழுத்தில் படிக்கலாம். ஒலியைத் திறந்துவைத்தால் காதாரக் கேட்கவும் கேட்கலாம். கேட்டபின் அன்றிரவு தூக்கம் வராது, அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டு வெளிவந்த இந்தக் கைத்தொலைபேசி விளையாட்டை அறியாத இளையர் நம் வட்டாரத்தில் குறைவு. ஓர் அணிக்கு ஐவர். மூன்று பாதைகள் வழியாக முன்னேறி, எதிரணியின் கோபுரங்களை ஒவ்வொன்றாக இடித்து, கடைசியில் அவர்களுடைய தளத்தைத் தகர்க்க வேண்டும். ஓர் ஆட்டம் பெரும்பாலும் பத்து முதல் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எம்ஆர்டி பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்ததைப் போன்ற நேரம். 2019ஆம் ஆண்டு பிலிப்பீன்ஸ் நடத்திய தென்கிழக்காசிய விளையாட்டுகளில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். 2021ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இதன் உலக வெற்றியாளர் போட்டிகள் இரண்டு சிங்கப்பூரிலேயே நடந்தன.

இதை ஆடும் எவரிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள். நேற்று இரவு சிரித்துக்கொண்டே மூன்று ஆட்டம் ஆடியவர், இன்று முதல் ஆட்டத்திலேயே தொலைபேசியைச் சோபாவில் வீசிவிட்டு எழுந்தது ஏன்? விளையாட்டு அதேதான். தொலைபேசியும் விரல்களும் அவையேதான். மாறியது உடன் ஆடிய நாலு பேர் மட்டும்.

வேடிக்கை என்னவென்றால், எதிரணி ஐவர்மீது பொதுவாக யாருக்கும் அவ்வளவு கோபம் வருவதில்லை. அவர்கள் நம்மைத் தோற்கடிக்கத்தான் வந்திருக்கிறார்கள், அது அவர்கள் வேலை. நம் பக்கத்தில் நின்றுகொண்டு ஆட்டத்தைக் கெடுப்பவரைத்தான் மன்னிக்க முடிவதில்லை.

சண்டை ஆட்டம் தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடும். பாத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு சில நிமிடத்தில், தூரத்திலிருந்து சுட்டுப் புள்ளிகளை அள்ளும் ‘மார்க்ஸ்மேன்’ எனக்குத்தான் என்று இருவர் மோதுவார்கள். முன்னால் நின்று அடி வாங்கும் ‘டேங்க்’ யாருக்கும் வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல. எல்லாருக்கும் கோல் போட வேண்டும், கோல் காக்க ஆள் இருக்காது.

ஆனால் கீழ்த்தளத்துப் பந்தாட்டத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே நம்மோடு ஆடியவன் ஏழாம் மாடிப் பையன். அவனுடைய அம்மாவுக்கு நம் அம்மாவைத் தெரியும். இன்று வாய்க்கு வந்தபடி திட்டினால் நாளை மின்தூக்கியில் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். இங்கே நாளை என்பதே இல்லை. தனியாகத் தரவரிசை ஆட்டத்துக்குள் நுழைந்தால், ஏறத்தாழ நம் நிலையில் இருக்கும் நால்வரைக் கணினி பிடித்துக் கொடுக்கும். கால் மணி நேரம் கழித்து அவர்கள் எங்கோ, நாம் எங்கோ. தோற்றால் நட்சத்திரம் ஒன்று பறிபோகும், அது மட்டும் நம் கணக்கில் நிற்கும். ‘எபிக்’ என்ற நிலையிலேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் அதை நரகம் என்று அழைப்பதும், அதற்கு எப்போதும் கூட ஆடியவர்களையே குறை சொல்வதும் ஊரறிந்த விஷயம். அந்த நரகத்தில் இருக்கும் எல்லாருமே மற்றவரால்தான் அங்கே இருக்கிறார்களாம்!

இந்த இடத்தில் ஓர் ஆய்வு முடிவு குறுக்கே வந்து நிற்கிறது. கணினியில் ஆடப்படும் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனம், வீரர்களின் நடத்தையை ஆராய மனித மனம் குறித்துப் படித்தவர்களைக் கொண்ட ஒரு குழுவையே வைத்திருந்தது. வசைபாடுபவர்கள் ஒரு சிறு கூட்டம், அவர்களைக் களையெடுத்தால் தோட்டம் சுத்தமாகிவிடும் என்பதுதான் எல்லாரும் நினைப்பது. தரவைப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. எப்போதும் மோசமாக நடந்துகொள்பவர்கள் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினர்தான். மொத்த வசையில் அவர்கள் பங்கு வெறும் ஐந்து விழுக்காடு அளவுக்கே வந்தது. மீதியில் பெரும்பகுதி, மற்ற நாள்களில் ஒழுங்காக ஆடும் சாதாரண மனிதர்களிடமிருந்து வந்திருந்தது. அலுவலகத்தில் திட்டு வாங்கியவர், தேர்வில் கோட்டைவிட்டவர், முந்தைய ஆட்டத்தில் தோற்ற எரிச்சல் அடங்குமுன் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியவர் என்று இவர்கள் யாராகவும் இருக்கலாம்.

அதாவது நமக்கு வாய்த்த அந்த நாலு பேரும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே. நம்மைத் தவிர்த்து மற்ற நால்வரின் கண்ணில் நாமும் ‘அந்த நாலு பேரில்’ ஒருவர்.

வீட்டு அருகலையும் நாலு பேரின் சாபமும்

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இது. மகன் அறையில் ஆடிக்கொண்டிருக்கிறான். “சாப்பிட வா” என்று மூன்று முறை அழைத்தாயிற்று. “ஒரு நிமிஷம்மா” என்று மூன்று முறை பதிலும் வந்தாயிற்று. நான்காவது முறை அம்மா வாயைத் திறப்பதில்லை, நேராகப் போய் அருகலைப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிடுகிறார். அம்மாவின் பார்வையில் நியாயம்தான். குழம்பு ஆறுகிறது.

ஆனால் அந்த நொடியில், ஜகார்த்தாவிலோ ஜோகூரிலோ மணிலாவிலோ இருக்கும் முகமறியாத நால்வருக்கு என்ன நடக்கிறது? ஐவர் அணி நால்வர் அணியாகிவிட்டது. மகனுடைய பாத்திரம் அசையாமல் நிற்கிறது. ‘ஏஎஃப்கே’ என்று இளையர் சொல்வது இதைத்தான். இந்த விளையாட்டை இடையில் நிறுத்திவைக்க முடியாது. நால்வரும் தோற்பார்கள், மகனைச் சபிப்பார்கள், முடிந்ததும் அவன்மீது புகார் கொடுப்பார்கள். மொபைல் லெஜண்ட்ஸில் நடத்தைக்கென்று தனிப் புள்ளிக்கணக்கு இருக்கிறது. பாதியில் விட்டுப்போனால் அது குறையும். மிகவும் குறைந்துபோனால் தரவரிசை ஆட்டங்களில் சேரவே முடியாது. சாப்பாட்டு மேசையில் பையன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது விளையாட்டுப் பைத்தியத்தால் மட்டுமல்ல. நாலு பேரை நட்டாற்றில் விட்டுவிட்டு வந்த குறுகுறுப்பும் அதில் கலந்திருக்கலாம்.

எட்டரைக்குச் சாப்பாடு என்றால் எட்டு மணிக்கே சொல்லிவிடுவது நல்லது. அதற்குப் பிறகும் புது ஆட்டம் தொடங்கினால் அது அவன் தப்பு, அப்போது பெட்டியைப் பிடுங்குங்கள்.

பெயரும் குரலும்

எல்லாவற்றையும் ‘மோசமான நாள்’ கணக்கில் எழுதிவிட முடியாது. நம் வட்டார ஆட்டங்களில் ஒரே அணியில் நான்கு மொழிகள் இருப்பது சாதாரணம். ஒருவர் இந்தோனீசிய மொழியில் எழுதுவார், ஒருவர் தகாலோக்கில், ஒருவர் சிங்கிலீஷில். அதில் ஒரு சுவையும் உண்டு. ‘போடோ’ என்ற மலாய்ச் சொல்லின் பொருளைத் தென்கிழக்காசியாவில் பாதிப் பேர் விளையாட்டில்தான் கற்றிருப்பார்கள் போலிருக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்தோ பேச்சின் சாயலைக் கேட்டோ இன்னார் என்று கண்டுகொண்டு, இனத்தையும் நிறத்தையும் இழுத்துத் திட்டுவதும் நடக்கிறது. பொதுவெளியில் சொன்னால் காவல்துறை வரை போகக்கூடிய வார்த்தைகள், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் திரையில் சர்வசாதாரணமாக ஓடும். சில பிள்ளைகள் தங்கள் பெயரை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி வைத்துக்கொள்வதற்கு அழகு மட்டுமே காரணம் அல்ல.

பெண்பிள்ளைகள் குரலையே மறைக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், மைக்கேல் கசுமோவிச், ஜெஃப்ரி குஸ்னெகோஃப் என்ற இரு ஆய்வாளர்கள் ‘ஹேலோ 3’ விளையாட்டில் ஆண் குரலையும் பெண் குரலையும் ஒலிக்கவிட்டு, அணியிலிருந்த மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தார்கள். நன்றாக ஆடியவர்கள் பெண் குரலிடம் கனிவாகவே பேசினார்கள். ஆட்டம் சரியாக வராதவர்கள்தான் பெண் குரலைக் கண்டு அதிகம் பாய்ந்தார்கள். அதே ஆள்கள் ஆண் குரலிடம் பணிந்து போனார்கள். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல் என்று நம் பாட்டிகள் ஆய்வகம் இல்லாமலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் திட்டு வாங்குகிற பதினாறு வயதுப் பெண்ணுக்கு, எதிரே இருப்பவர் ஆட்டத்தில் மட்டம் என்று தெரிவது ஓர் ஆறுதல்தான்.

வாயைக் கட்டினால் போதுமா?

விளையாட்டை உருவாக்குகிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இது இன்று நேற்று வந்த தலைவலியும் அல்ல. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் கைகொடுத்து வளர்த்த ‘மட்’ என்ற எழுத்துவழி விளையாட்டிலேயே இது இருந்தது. படமே கிடையாது, வெறும் எழுத்துதான். அதில் ஆடியவர்களைக் கவனித்து 1996ஆம் ஆண்டு பார்ட்டில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. சிலர் சாதிக்க வருகிறார்கள், சிலர் சுற்றிப் பார்க்க, சிலர் அரட்டையடிக்க, சிலர் மற்றவரை வீழ்த்திப் பார்க்க. வீழ்த்துகிறவர்கள் பெருகிவிட்டால் அரட்டைக்கு வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஒருவருடைய இன்பம் இன்னொருவருடைய துன்பம் என்பதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர்.

ரயட் கேம்ஸ் செய்த சோதனை ஒன்று எளிமையானது. எதிரணியுடன் எழுத்தில் உரையாடும் வசதியை அடியோடு எடுத்துவிடாமல், வேண்டுகிறவர்கள் தாங்களே இயக்கிக்கொள்ளும்படி மூடிவைத்தார்கள். தீய பேச்சு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. நல்ல பேச்சு அதே அளவுக்குக் கூடியது. உரையாடியவர்களின் எண்ணிக்கையோ பெரிதாகக் குறையவில்லை. விசையை அழுத்தப் போகும் அந்த ஒரு நொடித் தாமதம் போதுமானதாக இருந்திருக்கிறது.

பிலிசர்ட் நிறுவனம் ‘ஹார்த்ஸ்டோன்’ சீட்டு விளையாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனது. எதிராளியிடம் எதையும் எழுதவே முடியாது. முன்கூட்டியே வைக்கப்பட்ட ஆறு வாசகங்களில் ஒன்றைத்தான் சொல்லலாம். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், அந்த மாதிரி. இதில் எப்படித் திட்டுவது என்று கேட்கிறீர்களா? மனிதர்களை அவ்வளவு குறைத்து எடைபோடக்கூடாது. எதிராளியை நசுக்கிவிட்டு “மன்னிக்கவும்” என்று அழுத்தினார்கள். மறுபடி அழுத்தினார்கள். கடைசியில் 2016ஆம் ஆண்டு அந்த ‘மன்னிக்கவும்’ நீக்கப்பட்டு, அதன் இடத்தில் ‘வாவ்’ வந்தது. அதையும் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அதே நிறுவனத்தின் ‘ஓவர்வாட்ச்’ விளையாட்டில், வென்றபின் “ரொம்ப சுலபம்” என்ற பொருளில் ‘ஜிஜி ஈஸி’ என்று இளப்பமாக எழுதினால், தூங்கும் நேரம் தாண்டிவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்பதுபோன்ற குழந்தைத்தனமான வாசகமாக அது தானே மாறிவிடும். இருப்பதிலேயே எனக்குப் பிடித்த தண்டனை இதுதான்.

2012ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜர்னி’யை உருவாக்கிய ஜெனோவா சென்னின் அனுபவமும் கேட்கத்தக்கது. பாலைவனத்தில் நடந்து செல்லும் இருவர், ஒருவரையொருவர் அறியாதவர்கள். தொடக்கத்தில் ஒருவரையொருவர் தள்ளிவிட முடிகிற மாதிரி வைத்திருந்தார்கள். ஆடிப் பார்த்தவர்கள் உதவ வேண்டிய இடத்தில் துணையைப் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தார்கள். மோதும் வசதியை எடுத்துவிட்டு, ஒருவரை ஒருவர் தொட்டால் இருவருக்கும் தெம்பு கூடும் என்று மாற்றினார்கள். பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை, ஓர் இனிய ஒலியை மட்டும் எழுப்பலாம். தள்ளிவிட்ட அதே மனித குலம் அதன்பின் ஒட்டிக்கொண்டு நடந்தது.

நம் வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவு பெரிய வேலை அல்ல. தனியாக ஆடும்போது உரையாடலையும் ஒலியையும் முதலிலேயே அணைத்துவிடலாம். ‘பின்வாங்கு’, ‘ஒன்றுகூடு’ போன்ற ஆயத்தக் குறிகளை வைத்தே ஆட்டத்தை ஒப்பேற்றிவிட முடியும். இனத்தைச் சொல்லித் திட்டினால் பதில் எழுதாமல் புகார் விசையை அழுத்தலாம். இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் எழுந்து ஒரு தேநீர் போட்டுக் குடிக்கலாம். மூன்றாவது ஆட்டத்தில் ஆய்வு சொல்லும் அந்தச் சாதாரண மனிதர் நாமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றையும்விட, நாலு பேரை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஜோகூர் பாருவில் பெரியம்மா மகன், ஈப்போவில் மாமா மகள், பக்கத்து அறையில் தம்பி, எதிர்வீட்டு நண்பன் என்று வெள்ளிக்கிழமை இரவு சேர்ந்துகொள்ளும் அணிகள் பல வீடுகளில் உண்டு. அங்கேயும் திட்டு விழும். ஒருவேளை இன்னும் அதிகமாகவே விழும். ஆனால் இவர்களை மறுபடி பார்த்தாக வேண்டும். தீபாவளிக்கு எல்லாரும் ஒரே வீட்டில் கூடும்போது, கடைசிக் கோபுரத்தை விட்டுவிட்டு யார் எங்கே ஓடினார்கள் என்ற விசாரணை, இலையில் சோறு விழுவதற்கு முன்பே தொடங்கிவிடும்.