வீட்டுக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்?

கடந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளை வீட்டில் தயாரித்து, பென்டிரைவில் எடுத்துச் சென்று ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். ஒரு வினாவில் பிழை இருந்தது. திருத்துவதற்காக வீட்டுக் கணினியில் பென்டிரைவைச் செருகியபோது, கோப்புறைகள் எல்லாவற்றின் மீதும் சிறிய அம்புக்குறி தெரிந்தது. சொடுக்கினேன், வழக்கம்போல் திறந்தது. அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் அதே பென்டிரைவை உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரிடம் கொடுத்தேன். மாலைக்குள் அவருடைய பென்டிரைவிலும் அதே அம்புக்குறிகள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலுக்கான திருத்த விவரங்களை அவர் அதில்தான் வைத்திருந்தார். இப்போது கோப்புகளையே காணவில்லை.

"சார், உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஆன்டிவைரஸ் இல்லையா?" என்று கேட்டார். இருந்தது. காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால், அதன் சந்தா முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. திரையின் மூலையில் தினமும் வந்த சிவப்பு எச்சரிக்கையை நான் தினமும் மூடிக்கொண்டிருந்தேன்.

நல்லவேளையாக அந்த வைரஸ் கோப்புகளை அழிக்கவில்லை, மறைத்து மட்டும் வைத்திருந்தது. இரண்டு மாலைகள் செலவிட்டு மீட்டோம். அதன் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். "எந்த ஆன்டிவைரஸ் நல்லது?" என்று இப்போது என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

நம் கணினியில் என்ன இருக்கிறது?

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பெரும்பாலான வீடுகளில் கணினியில் குடும்பப் புகைப்படங்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் இருக்கும். ஆசிரியர் வீட்டுக் கணினியில் அவற்றோடு மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், மாணவர்களின் பிறந்த தேதி, பெற்றோரின் கைப்பேசி எண், சில நேரம் ஆதார் நகல், எமிஸ் தளத்தின் கடவுச்சொல் ஆகியவையும் இருக்கும். இவை நம்முடையவை அல்ல. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை. எனவே நம் கவனக்குறைவால் வரும் இழப்பு நம்மோடு நிற்பதில்லை.

ஆன்டிவைரஸ் எப்படி வேலை செய்கிறது?

பள்ளி வாயிற்காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மூன்று வகையில் ஆட்களைக் கண்காணிக்கலாம். முதலாவது, ஏற்கெனவே தொல்லை கொடுத்தவர்களின் புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது. ஆன்டிவைரஸும் அறியப்பட்ட தீய நிரல்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்திருந்து, ஒவ்வொரு கோப்பையும் அதனுடன் ஒப்பிடுகிறது. பட்டியல் பழையதானால் புதிய ஆள் எளிதாக உள்ளே வந்துவிடுவான். என் வீட்டில் நடந்தது இதுதான்.

இரண்டாவது, நடத்தையைக் கவனிப்பது. புகைப்படத்தில் இல்லாதவராக இருந்தாலும், மதில் ஏறிக் குதித்தால் காவலர் பிடிப்பார் அல்லவா? அதுபோல, ஒரு நிரல் திடீரென நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றத் தொடங்கினால் மென்பொருள் அதைத் தடுக்க முயலும். மூன்றாவது, சந்தேகம் வந்தால் தலைமையிடத்தைத் தொலைபேசியில் கேட்பது. ஆன்டிவைரஸ் இணையம் வழியாகத் தன் நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு உறுதி செய்துகொள்கிறது. எனவே இணைய இணைப்பு இல்லாத கணினியில் எந்த மென்பொருளின் காவலும் சற்றுக் குறையும்.

ஏற்கெனவே உள்ள காவலர்

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை, சந்தாவும் இல்லை. ஒரு காலத்தில் இதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இன்று நிலைமை வேறு. ஜெர்மனியின் மக்டெபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் என்ற ஆய்வு நிறுவனம், ஆன்டிவைரஸ் மென்பொருள்களைப் பாதுகாப்பு, கணினியின் வேகம், பயன்படுத்தும் வசதி என மூன்று பிரிவுகளில் சோதிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண், மொத்தம் 18. டிஃபெண்டர் பல முறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் உள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் நிறுவனமும் இத்தகைய சோதனைகளை நடத்தி முடிவுகளை இலவசமாக வெளியிடுகிறது. விளம்பரத்தையோ கடைக்காரரின் பரிந்துரையையோ நம்புவதைவிட, இந்த இரண்டு பட்டியல்களையும் பார்ப்பது மேல்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். எல்லாக் கட்டங்களிலும் பச்சை நிற டிக் இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸை நிறுவினால், டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அந்த வேறு மென்பொருளின் சந்தா முடிந்த பிறகும் அது கணினியில் அப்படியே கிடந்தால், இரண்டு காவலர்களும் இல்லாத நிலை ஏற்படலாம். சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால், அந்த மென்பொருளை முழுவதுமாக நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். டிஃபெண்டர் மீண்டும் பொறுப்பேற்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

"இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ஒரே கோப்பை இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து ஆராய முயன்று கணினியை மெதுவாக்கும். சில நேரம் ஒன்றையொன்று சந்தேகிக்கும். எப்போதும் ஒன்று போதும்.

காசு கொடுத்து வாங்குவது எப்போது?

கடையில் ஒரே நிறுவனத்தின் பெட்டிகள் மூன்று விதமாக இருக்கும். 'ஆன்டிவைரஸ்' என்பது தீய நிரல்களைத் தடுப்பது மட்டும். 'இன்டர்நெட் செக்யூரிட்டி' என்பதில் ஃபயர்வால், போலி இணையதளத் தடுப்பு போன்றவை சேரும். 'டோட்டல் செக்யூரிட்டி' என்பதில் பெரும்பாலும் குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, கடவுச்சொல் காப்பகம், கணினியைச் சுத்தப்படுத்தும் கருவி போன்றவை கூடும். ஃபயர்வால் விண்டோஸிலேயே இருக்கிறது. போலித் தளங்களை எச்சரிக்கும் வசதி குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலேயே இருக்கிறது. ஆகவே, பெட்டியின் மீது உள்ள நீண்ட பட்டியலில் நமக்குப் புதிதாகக் கிடைப்பது எது என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்துகிறார்கள், நேரக் கட்டுப்பாடு வேண்டும். அல்லது இரண்டு மடிக்கணினிகளுக்கும் மூன்று கைப்பேசிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து பாதுகாப்பு வேண்டும். அல்லது சிக்கல் வந்தால் தமிழில் பேசி உதவி கேட்க ஆள் வேண்டும். இப்படித் தெளிவான தேவை இருந்தால் வாங்கலாம். சென்னையைச் சேர்ந்த கே7, புனேயைச் சேர்ந்த குவிக் ஹீல் போன்ற இந்திய நிறுவனங்களும் இத்துறையில் உள்ளன. எந்த நிறுவனமாக இருந்தாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. சந்தா எத்தனை கருவிகளுக்கு, எத்தனை நாள்களுக்கு?
2. முதல் ஆண்டின் சலுகை விலை முடிந்த பிறகு, அடுத்த ஆண்டு எவ்வளவு?
3. வங்கி அட்டையில் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டா? அதை நிறுத்துவது எப்படி?
4. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியில் இது வேகத்தைக் குறைக்குமா? ஒரு மாத இலவச முன்னோட்டம் இருந்தால், நிறுவிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இலவச மென்பொருளுக்கும் விலை இருக்கலாம். அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றதாக 2020 ஜனவரியில் செய்தி வெளியானது. அந்தத் துணை நிறுவனம் உடனே மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்காக 1.65 கோடி டாலர் செலுத்த உத்தரவிட்டதாக அறிவித்தது. இலவசம் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. நிறுவும்போது கேட்கப்படும் அனுமதிகளைப் படித்து, 'தரவைப் பகிரலாம்' என்ற கட்டங்களில் உள்ள டிக்கை நீக்குங்கள்.

இலவசத்தைவிட ஆபத்தானது திருட்டு நகல். கட்டண மென்பொருளை 'கிராக்' செய்து தரும் கோப்பு, ஓர் அந்நியர் எழுதிய நிரல். அதை இயக்குவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். காவலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாயிலைத் திறந்து வைப்பது போன்றது அது. ஆன்டிவைரஸையே கிராக் செய்து பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஆன்டிவைரஸ் செய்யாத மூன்று வேலைகள்

முதலாவது, விண்டோஸின் ஓட்டைகளை அடைப்பது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவி, கணினிகளில் உள்ள கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள்கூட முடங்கின. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்களாக அந்தப் புதுப்பிப்பை நிறுவாமல் விட்ட கணினிகளே பெரிதும் சிக்கின. 'அப்டேட்' என்று கணினி கேட்கும்போது தள்ளிப்போடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மாலையில் வேலை முடிந்ததும் அதை ஓடவிட்டால் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதை வைத்திருப்போர் கணினி ஏற்குமானால் விண்டோஸ் 11-க்கு மாறுவது நல்லது.

இரண்டாவது, நாமே கதவைத் திறந்துவிடுவதைத் தடுப்பது. "உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று திரை முழுவதும் சிவப்பாக, ஒலியுடன் ஓர் அறிவிப்பு வரலாம். உண்மையான ஆன்டிவைரஸ் எதுவும் இப்படி எண் கொடுத்துப் பயமுறுத்தாது. உலாவியை மூடினால் போதும். "ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, பணம் திரும்பப் பெற அழைக்கவும்" என்ற மின்னஞ்சலும் இதே வகை மோசடிதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

மூன்றாவது, போன கோப்பைத் திருப்பித் தருவது. பணயத் தீநிரல் பூட்டிய கோப்பைப் பெரும்பாலும் எந்த ஆன்டிவைரஸாலும் திறக்க முடியாது. வேறோர் இடத்தில் நகல் இருந்தால் மட்டுமே தப்பிக்கலாம். மதிப்பெண் பட்டியல்களையும் பாடக்குறிப்புகளையும் வாரம் ஒருமுறை வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியபடியே இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்படும் என்பதால்தான் கழற்றச் சொல்கிறேன்.

பென்டிரைவுக்கு ஒரு பழக்கம்

நம் பள்ளிகளில் வைரஸ் பரவும் முக்கிய வழிகளில் ஒன்று பென்டிரைவ். வெளியே அச்செடுப்பதற்கென்றே தனியாக ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் அன்றைக்கு வேண்டிய பிடிஎஃப் கோப்பு மட்டும் இருக்கும். திரும்பி வந்ததும் அதன் மீது வலது சொடுக்கு செய்து 'ஸ்கேன்' கொடுத்த பிறகே திறக்கிறேன். கோப்புறைகளின் மீது அம்புக்குறி தெரிந்தால் எதையும் சொடுக்குவதில்லை. அவை கோப்புறைகளே அல்ல, வைரஸை இயக்கும் குறுக்குவழிகள். உண்மையான கோப்புகள் உள்ளே மறைக்கப்பட்டிருக்கும். முதலில் ஸ்கேன் செய்து வைரஸை நீக்கிவிட்டு, பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் பகுதியில், மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொன்னால் அவை பெரும்பாலும் தென்படும். அவற்றை வேறோர் இடத்துக்கு நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம்.

சந்தேகமான கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் என்ற இணையதளமும் உண்டு. ஆனால், அங்கே ஏற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படும். எனவே வினாத்தாளையோ மாணவர் விவரங்களையோ அங்கே ஏற்றக் கூடாது. கணினியில் ஏற்கெனவே தொற்றியிருக்கும் என்று தோன்றினால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளம் அதை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

என் வீட்டில் இப்போது டிஃபெண்டர் மட்டும்தான் இருக்கிறது. வாரக் கடைசியில் ஒரு முழு ஸ்கேன், ஒரு நகல். அந்த ஆசிரியை இப்போதும் என்னிடம் பென்டிரைவ் வாங்குகிறார். ஆனால், செருகியதும் முதலில் ஸ்கேன் செய்கிறார். நான் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தப் பென்டிரைவாக இருந்தாலும், யார் கொடுத்தாலும், எல்லோரும் செய்ய வேண்டியது அதுதான்.