டீசல் உறையுமா?

டேங்க் நிறைய டீசல் இருந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா என்ன காரணமா இருக்கும்?

நம்ம ஊர்ல ராத்திரி பகலா கன்டெய்னர் லாரி ஓட்டுற அண்ணன்மார் பேட்டரியைப் பார்ப்பாங்க, செல்ஃப் மோட்டாரைப் பார்ப்பாங்க. ஆனா லடாக்ல இருக்கிறவங்க முதல்ல சந்தேகப்படுறது டீசலைத்தான்!

டீசல்ல இயல்பாவே கொஞ்சம் மெழுகு கலந்திருக்கு. மார்கழிக் காலையில தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ள வெள்ளையா கட்டிக்குது பாருங்க, அந்த மாதிரி கடுங்குளிர்ல இந்த மெழுகும் திரண்டுடும். ஃபில்டர் அடைச்சுக்கும். அப்புறம் இன்ஜினுக்குச் சொட்டு டீசல் போகாது. இமயமலைப் பக்கம் டிரைவர்கள் டேங்குக்கு அடியிலேயே தீ மூட்டிச் சூடாக்குறதும் உண்டு. எவ்வளவு ஆபத்து, யோசிச்சுப் பாருங்க!

இந்தக் கஷ்டத்தைப் போக்கத்தான் இந்தியன் ஆயில் நிறுவனம், 2019 நவம்பர்ல லடாக் மக்களுக்குன்னே குளிர்கால டீசலைக் கொண்டு வந்தது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில தயாரான டீசல் அது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரைக்கும் குளிர் இறங்கினாலும் உறையாது. பனிக்காலம் முழுக்க வண்டியை நம்பியே பிழைக்கிறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

குளிர்காலத்துல டீசல் காரை எடுத்துக்கிட்டு லடாக்ல இருக்கிற லே பக்கம் கிளம்புறீங்களா? சமவெளியில நிரப்பின டீசலை மட்டும் நம்பி மலை ஏறாதீங்க. அங்கே இருக்கிற பங்க்ல குளிர்கால டீசல்னு கேட்டு நிரப்புங்க. ராத்திரி வண்டியை நிறுத்துறதுக்கு முன்னாடியே நிரப்பிடுங்க!